நாளுக்கொரு பெயர்: இடைக்காலப் புனிதர் குறிப்புகளும் அவற்றைக் கேட்ட அவைகளும்

 

இடைக்கால ஐரோப்பாவின் புனிதர்கள் என்றதும் அற்புதங்கள் நிறைந்த நீண்ட வாழ்க்கைக் கதைகள்தாம் நினைவுக்கு வரும். இன்று நான் எடுத்துக்கொண்டது அவற்றைவிட மிகச் சிறியது. நாளொன்றுக்கு இரண்டு வரி, மூன்று வரி. இன்ன நாளில், இன்ன ஊரில், இன்னார் இப்படி உயிர் துறந்தார். அவ்வளவுதான். இப்படிப்பட்ட குறிப்புகளை ஆண்டின் நாள் வரிசையில் கோத்து வைத்த ஏட்டை மறைச்சாட்சியர் நினைவேடு என்று நாம் சொல்லலாம். ஆவணத்தை மதிப்பது, சான்றைத் தேடிப் போவது, தெரியாத இடத்தில் நிறுத்திக்கொள்வது ஆகிய பண்புகள் ஐரோப்பிய வரலாற்றுப் புலமைக்கு வந்த வழிகளில் இந்தச் சிறு குறிப்பும் ஒன்று என்பது என் கருத்து. அந்த வழியைத்தான் இன்று உங்களோடு நடந்து பார்க்க விரும்புகிறேன்.

முதலில் இந்தக் குறிப்பு எங்கே ஒலித்தது என்று பார்ப்போம். பேரரசர் பக்திமான் லூயியின் காலத்தில், 817இல், ஆகன் நகரில் மடத்தலைவர்கள் கூடி எல்லா மடங்களுக்கும் பொதுவான ஒழுங்குகளை வகுத்தார்கள். அவற்றில் ஒன்று: துறவியர் காலையில் அவை கூடும்போது முதலில் நினைவேட்டை வாசிக்க வேண்டும், பிறகு பெனடிக்டின் சட்டநூலிலிருந்து ஒரு பகுதியை வாசிக்க வேண்டும். வாசிப்பது மறுநாளுக்குரிய குறிப்பு. நாளைய திருநாள் யாருடையது என்பதை இன்றே மடம் முழுவதும் அறிந்துகொள்ளும். பல மடங்களில் அதைத் தொடர்ந்து, அதே தேதியில் இறந்துபோன தங்கள் சொந்த மடத்தாரின் பெயர்களையும் வாசித்தார்கள். ரோமில் தலை வெட்டுண்ட மறைச்சாட்சியின் பெயரும், போன ஆண்டு காய்ச்சலில் இறந்த சமையல் பொறுப்பாளரின் பெயரும் ஒரே காலையில், ஒரே குரலில் ஒலித்தன.

கேட்டவர்கள் வெறும் பக்தர்கள் அல்லர். அந்தக் கூடத்தில் ஏடெழுதுவோர் இருந்தார்கள், நாள்காட்டி கணிப்போர் இருந்தார்கள், மடத்து நூலகத்தையே மனப்பாடமாக வைத்திருந்தோர் இருந்தார்கள். தவறான பெயரோ தவறான ஊரோ வாசிக்கப்பட்டால் அதை உணரக்கூடிய காதுகள் அவை. அடுத்த ஆண்டு அதே நாள் வரும்போது ஏட்டின் ஓரத்தில் ஒரு திருத்தம் ஏறியிருக்கும். இன்று நம் கைக்குக் கிடைக்கும் நினைவேட்டுச் சுவடிகளில் ஓரக்குறிப்பு இல்லாத ஏடு அரிது. நூற்றாண்டுக் கணக்கில் பல கைகள் எழுதிச் சேர்த்த நூல்கள் அவை.

இந்த வகையில் பழையது, புனித ஜெரோமின் பெயரில் வழங்கிய நினைவேடு. அதை அவர் எழுதவில்லை. 5ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் தொகுக்கப்பட்டு, பிறகு கால் (Gaul) நாட்டில் விரிவாக்கப்பட்டது. அதன் பக்கங்களில் பெயர்கள்தாம் மலைபோல் குவிந்திருக்கும். படியெடுத்தவர்களின் கையில் ஒருவர் இருவராகப் பிரிந்தார், ஓர் ஊரின் பெயர் ஒரு மனிதரின் பெயரானது. 598இல் அலெக்சாந்திரியா ஆயர் யூலோஜியஸ், மறைச்சாட்சியரின் வரலாறுகளைத் திரட்டிய நூல் ஒன்றைக் கேட்டுத் திருத்தந்தை பெரிய கிரகோரிக்கு எழுதியிருந்தார். கிரகோரியின் பதிலில் ஒரு செய்தி இருக்கிறது. ஏறத்தாழ எல்லா மறைச்சாட்சியரின் பெயர்களும் நாள்வாரியாகக் குறித்த ஓர் ஏடு எங்களிடம் உண்டு, ஆனால் பெயரும் இடமும் நாளும் மட்டுமே அதில் இருக்கின்றன, யார் எப்படி இறந்தார் என்பது இல்லை என்கிறார் அவர்.

அந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர் இங்கிலாந்தின் வடகோடியில், ஜாரோ மடத்தில் வாழ்ந்த பீட். 731இல் முடித்த தமது ஆங்கிலேயத் திருச்சபை வரலாற்றின் இறுதியில் தாம் எழுதிய நூல்களையெல்லாம் அவர் பட்டியலிடுகிறார். நினைவேட்டைக் குறிப்பிடும் இடத்தில், எந்த நாளில் என்பதோடு, எவ்வகைப் போராட்டத்தில், எந்த நீதிபதியின் கீழ் அவர்கள் உலகை வென்றார்கள் என்பதையும் தேடிச் சேர்க்க முயன்றதாகச் சொல்கிறார். எந்த நீதிபதியின் கீழ் என்ற கேள்வியைக் கவனியுங்கள். பக்திக்கு அது தேவையில்லை. வரலாற்றுக்குத் தேவை. நீதிபதியின் பெயர் தெரிந்தால் ஆட்சியாண்டு தெரியும், மாகாணம் தெரியும்.

ஒரே ஒரு குறிப்பை எடுத்து விரித்துக் காட்ட அனுமதியுங்கள். ஆகஸ்டு 13, இத்தாலியின் இமோலா நகரத்துக் காசியன். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். சிறுவர்களுக்குச் சுருக்கெழுத்துக் கற்றுக்கொடுத்தவர். கண்டிப்பானவர், அதனால் மாணவர்களின் வெறுப்புக்கு ஆளானவர். தெய்வச் சிலைகளை வணங்க மறுத்தபோது நீதிபதி அவருடைய தொழிலை விசாரித்தான். கைகளைப் பின்னால் கட்டி, அவரை அந்த மாணவர்களிடமே ஒப்படைத்தான். அவர்கள் எழுதுபலகையால் அடித்தார்கள், இரும்பு எழுத்தாணியால் குத்தினார்கள். கை எவ்வளவு வலுவற்றதோ அவ்வளவுக்குச் சாவு தாமதமானது, வேதனை நீண்டது. இவ்வளவையும் பீட் சில வரிகளில் சொல்லி முடிக்கிறார்.

அவருக்கு இது எப்படிக் கிடைத்தது? 4ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி வாழ்ந்த புருடென்ஷியஸ் என்ற ஸ்பெயின் நாட்டுக் கவிஞரின் பாடலிலிருந்து. புருடென்ஷியஸுக்கு எப்படிக் கிடைத்தது? ரோமுக்குப் போகும் வழியில் இமோலாவில் காசியனின் கல்லறையருகே ஓர் ஓவியத்தைக் கண்டதாகவும், கோயில் காவலர் அதன் கதையை விளக்கியதாகவும் அவரே பாடியிருக்கிறார். சுவரில் ஓர் ஓவியம், அதை விளக்கும் ஒரு காவலர், கேட்டுப் பாட்டாக்கும் ஒரு பயணி, முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு கடல் கடந்த தீவில் அந்தப் பாட்டைப் படித்து நான்கைந்து வரியாக்கும் ஒரு துறவி, அதன்பின் ஆண்டுதோறும் அதை உரக்க வாசிக்கும் நூற்றுக்கணக்கான மடங்கள். காசியன் எப்போது இறந்தார் என்பதை உறுதி செய்ய வழியில்லை. ஆனால் செய்தி கைமாறிய தடம் முழுவதும் நம் கண்முன் இருக்கிறது. எனக்கு இந்தத் தடம் கதையைவிடப் பெரியது.

பீடின் ஏட்டில் நான் மிகவும் மதிக்கும் இன்னொன்றும் உண்டு. ஆண்டின் பல நாள்களை அவர் வெறுமையாகவே விட்டிருக்கிறார். அந்நாளுக்குச் சொல்ல அவரிடம் நம்பத்தக்கது எதுவும் இல்லை. ஆகவே எழுதவில்லை. நாள் தவறாமல் ஏதாவது வாசித்தாக வேண்டும் என்ற மடங்களின் தேவை அந்த வெற்றிடங்களைப் பொறுக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவற்றை நிரப்பத் தொடங்கினார்கள். லியோன் நகரத்து ஃபுளோரஸ் நல்ல சான்றுகளைத் தேடிச் சேர்த்தார். அவரை அடுத்து வந்தவர் வியென் நகரப் பேராயர் ஆடோ. 855ஐ ஒட்டி அவர் வெளியிட்ட நினைவேட்டின் முன்னால் பழைய ரோமானிய நினைவேடு ஒன்று இருந்தது. ராவென்னாவில் அதைக் கண்டு படியெடுத்ததாகச் சொன்னார். தேதிகளை மாற்றவும் புதிய பெயர்களைப் புகுத்தவும் அந்த ஏட்டையே ஆதாரம் காட்டினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அறிஞர் உலகம் நம்பியது. 1908இல் ஆன்றி குவென்டின் என்ற பெனடிக்டைன் துறவி, பீடிலிருந்து ஆடோ வரை ஒவ்வொரு குறிப்பையும் சுவடி சுவடியாக ஒப்பிட்டு, அந்தப் பழைய ஏடு ஆடோவே புனைந்தது என்று நிறுவினார். ஒரு நாள் காலியாக இருப்பதில் எந்தத் தீங்கும் இல்லை. காலியான நாளைப் பொய்யால் நிரப்பியதன் தீங்கு ரோமின் அதிகாரபூர்வ நாள்காட்டி வரை போய்ச் சேர்ந்தது.

அயர்லாந்தின் கதை வேறு. 800ஐ ஒட்டி, இன்றைய டப்ளினுக்கு அருகிலுள்ள தாலா மடத்தைச் சார்ந்த ஓங்கஸ் என்ற துறவி, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் நாலடிப் பாட்டு ஒன்று வீதம் பழைய ஐரிஷ் மொழியில் ஒரு நாள்காட்டி பாடினார். பண்டைய மன்னர் கோட்டைகள் பாழாகிவிட்டன, துறவியரின் சிறு இடங்கள் தழைக்கின்றன என்பது அதன் முன்னுரைப் பகுதியின் கருத்து. நாலடிக்குள் வரலாறு அடங்காது. ஆகவே பின்வந்த தலைமுறைகள் அந்தப் பாட்டைச் சுற்றி உரைநடைக் குறிப்புகளை அடுக்கின. இன்று ஐரிஷ் புனிதர் பலரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு அந்த உரைக் குறிப்புகளில்தான் தங்கியிருக்கிறது. மூலப்பாட்டும் உரையும் சேர்ந்தே ஒரு நூலாகிற இந்த வழக்கம் நம் அவைக்குப் புதிதல்ல.

இவர்கள் எல்லோரிலும் பரவலாகப் பயன்பட்டவர் உசுவார்டு. பாரிஸ் சான் ஜெர்மான் தெ பிரே மடத்துத் துறவி. 858இல் அவரும் ஒடிலார்டு என்ற துறவியும், புனித வின்சென்டின் திருப்பண்டத்தைத் தேடி ஸ்பெயினுக்குப் போனார்கள். அது கிடைக்கவில்லை. முஸ்லிம் ஆட்சியில் இருந்த கோர்டோபாவில் கிறித்தவர் சிலர் கொல்லப்பட்ட செய்தி அவர்கள் காதுக்கு எட்டியது. அங்கே போய், 852இல் இறந்த அவுரேலியஸ், ஜார்ஜ் ஆகியோரின் எலும்புகளைப் பெற்றுத் திரும்பினார்கள். இந்த ஜார்ஜ், பெத்லகேமுக்கு அருகிலுள்ள மார் சாபா மடத்திலிருந்து வந்த துறவி. பாலஸ்தீனத்துத் துறவி ஸ்பெயினில் இறந்து பாரிசில் அடக்கமானார். 865ஐ ஒட்டி உசுவார்டு தம் நினைவேட்டை முடித்து மன்னர் வழுக்கைத்தலை சார்லஸுக்குச் சமர்ப்பித்தபோது, அதில் கோர்டோபாவின் மறைச்சாட்சியர் இடம்பெற்றார்கள். பழங்காலத்து ரோமானிய மறைச்சாட்சியரோடு, தம் காலத்தில் இறந்தவர்களையும், அவர்களை அறிந்தவர்களிடம் நேரில் கேட்டு எழுதியவர் அவர். அவருடைய கைப்பட்டதென்று கருதத்தக்க சுவடி பாரிசின் தேசிய நூலகத்தில் இன்றும் இருக்கிறது. 1584இல் ரோம் தனது அதிகாரபூர்வ நினைவேட்டை வெளியிட்டபோது அடிப்படையாக அமைந்ததும் உசுவார்டின் நூல்தான்.

அவருடைய நிதானத்துக்கு ஒரு சான்று. அக்டோபர் 20இல், கொலோன் நகரில் மார்த்தா, சவுலா என்ற கன்னியரும் வேறு பலரும் மறைச்சாட்சியரானதாக அவர் எழுதுகிறார். வேறு பலர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். 848இலேயே புருயிம் மடத்து வாண்டல்பெர்ட் தம் செய்யுள் நினைவேட்டில் ஆயிரக்கணக்கானோர் என்று பாடிவிட்டார். பிறகு அந்த எண் 11,000 ஆனது, தலைவிக்கு உர்சுலா என்ற பெயர் நிலைத்தது. 1106இல் கொலோன் மதிலை விரிவாக்கும்போது பழைய ரோமானிய இடுகாடு ஒன்று தோண்டப்பட, அங்கே கிடைத்த எலும்பெல்லாம் அந்தக் கன்னியருடையவை என்றார்கள். வேறு பலர் என்ற இரண்டு சொல்லில் நின்ற துறவிக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

கிறித்தவ மடங்களுக்கு வெளியிலும் புனிதர் நாள்களைப் பதியும் பணி நடந்ததற்கு ஒரு சாட்சியம் உண்டு. குவாரசமில் பிறந்த அல்-பிரூனி 1000ஐ ஒட்டி எழுதிய காலக்கணிப்பு நூலில், தம் நாட்டில் வாழ்ந்த மெல்கைட் என்ற கிறித்தவப் பிரிவினர் கொண்டாடிய புனிதர் நாள்களை மாத வரிசையில் பதிந்திருக்கிறார். அவர் முஸ்லிம். அந்தப் புனிதரிடம் அவருக்கு வேண்டுதல் ஏதுமில்லை. ஒரு சமூகம் எந்த நாளில் யாரை நினைக்கிறது என்பது அறியத்தக்க செய்தி என்ற ஒரே காரணத்துக்காக எழுதினார். நம் துறையில் இருக்கிற எல்லோரும் அந்த இடத்தை மீண்டும் மீண்டும் படிக்க வேண்டும்.

இனிப் பெரும்பணிக்கு வருகிறேன். 1607இல் இயேசு சபையைச் சேர்ந்த ஹெரிபெர்ட் ரோஸ்வைட், புனிதர் வரலாறுகளை மூலச் சுவடிகளிலிருந்தே எடுத்து நாள் வரிசையில் 18 தொகுதிகளாக வெளியிடலாம் என்று திட்டம் வரைந்தார். கர்தினால் பெல்லார்மின் அதைப் பார்த்துவிட்டு, இவர் இன்னும் 200 ஆண்டு வாழ எண்ணியிருக்கிறாரா என்று கேட்டதாகச் சொல்வார்கள். ரோஸ்வைட் 1629இல் இறந்தார். அவர் சேர்த்த தாள்களை ஆண்ட்வெர்ப்பில் ஜான் பொலான்ட் ஏற்றுக்கொண்டார். ஐரோப்பாவெங்கும் உள்ள இயேசு சபையாருக்கும் நூலகங்களுக்கும் கடிதம் எழுதினார். உங்கள் ஊரில் இந்த நாளுக்கு என்ன சுவடி இருக்கிறது? படி அனுப்புங்கள். பதில்கள் வந்துகொண்டே இருந்தன.

1635இல் அவருக்கு உதவியாக வந்தவர் காட்ஃப்ரிட் ஹென்ஷன் என்ற இளைஞர். ஜனவரியைப் பொலான்ட் பார்த்துக்கொள்ள, பிப்ரவரி அவருக்குத் தரப்பட்டது. பிப்ரவரி 6க்குரிய வேடாஸ்ட், அமான்டு ஆகிய இருவரைப் பற்றி ஹென்ஷன் எழுதிக் கொடுத்ததைப் பொலான்ட் படித்தார். அரசர் வரிசை, ஆண்டுக் கணக்கு, ஊர் அமைப்பு, பிற சாட்சியங்கள் என்று இளைஞர் விரித்திருந்த பரப்பு பொலான்டின் பழைய முறையை மிஞ்சியிருந்தது. ஜனவரித் தொகுதி அப்போது அச்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, இளையவரின் முறையில் தம் பகுதியைத் திருத்தினார் மூத்தவர். 1643இல் ஜனவரி இரண்டு பெருந்தொகுதிகளாக வந்தது. அறிவுலகில் மூத்தோர் இளையோருக்குச் செய்யக்கூடிய மரியாதைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அந்தத் தொகுதிகளில் ஒவ்வொரு நாளின் தொடக்கத்திலும் ஒரு பட்டியல் இருக்கும். இந்த நாளில் விடப்பட்டவர்கள், வேறு நாளுக்குத் தள்ளப்பட்டவர்கள், ஒவ்வொருவருக்கும் காரணம். இவருடைய வரலாறு நம்பத்தக்கதல்ல. இவருக்கு வழிபாடு இருந்ததற்குச் சான்றில்லை. இவரைப் பற்றி ஜூனில் பேசுவோம். பீட் பேசாமல் விட்ட வெற்றிடத்தை இவர்கள் காரணம் சொல்லி விட்டார்கள்.

அதற்கான விலையையும் கொடுத்தார்கள். மூன்றாமவராகச் சேர்ந்த டேனியல் பாப்பன்புரூக், கார்மேல் சபையை நிறுவியவர் இறைவாக்கினர் எலியா என்ற மரபுக்கு ஆதாரமில்லை என்று எழுதினார். 1695இல் ஸ்பெயின் விசாரணை மன்றம் மார்ச், ஏப்ரல், மே மாதங்களுக்கான தொகுதிகளைத் தடை செய்தது. 1714இல் அவர் இறந்தார். 1715இல்தான் தடை நீங்கியது. அதே பாப்பன்புரூக் வேறொரு விவாதத்தில் எப்படி நடந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1675இல் பழைய மடங்களின் அரச சாசனங்கள் பல பொய்யானவை என்று அவர் எழுதியிருந்தார். உசுவார்டின் அதே சான் ஜெர்மான் மடத்தைச் சேர்ந்த ஜான் மபியோன், சாசனத்தின் எழுத்து, முத்திரை, நடை, தேதி முறை ஆகியவற்றைக் கொண்டு உண்மையையும் பொய்யையும் பிரித்தறியும் வழியை 1681இல் ஒரு பெருநூலாக எழுதிப் பதிலளித்தார். ஆவண ஆய்வு என்ற துறை அந்த நூலோடு பிறந்தது. பாப்பன்புரூக் தம் முடிவை விட்டுக்கொடுத்து, இப்படி ஒரு நூல் தோன்றத் தாம் காரணமானதில் மகிழ்வதாக மபியோனுக்கு எழுதினார்.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது, பணி சிதறியது, 1837இல் மீண்டும் தொடங்கியது. நவம்பர் 10 வரை வந்திருக்கிறது அந்த வரிசை. 1882 முதல் பொலான்டின் வழிவந்த இந்தக் குழுவினரின் ஆய்விதழ் வந்துகொண்டிருக்கிறது.

நம் மொழிக்கும் இந்த வரிசையில் ஓர் இடம் உண்டு. ரோமில் கர்தினால் பரோனியஸ் தம் ஆய்வுக் குறிப்புகளோடு ரோமானிய நினைவேட்டை வெளியிட்ட ஆண்டு 1586. அதே 1586இல், முத்துக்குளித்துறைப் பரதவர் படிப்பதற்காக, என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் தமிழில் ஆக்கிய ‘ஃபுளோஸ் சாங்தோரும்’, அதாவது அடியார் வரலாறு, அச்சாகி வந்தது. 1520இல் போர்ச்சுகல்லின் வில்லா விசோசாவில் பிறந்து, 1600இல் நம் கடற்கரையில் இறந்தவர் அவர். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தந்ததே. அந்த அடியார் வரலாற்றின் படி வத்திக்கான் நூலகத்தில் இருப்பதைத் தனிநாயகம் அடிகள் 1950களில் தமிழுலகுக்கு அறிவித்தார். 1967இல் இராசமாணிக்கம் அடிகளின் பதிப்பு தூத்துக்குடியிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பாவின் புனிதர் குறிப்புகள் 16ஆம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையில், கடற்கரை மக்கள் பேசிய சொற்களோடு, அச்சில் நிற்கின்றன. மொழியியலார் அந்த நூலைத் தொட்டிருக்கிறார்கள். புனிதர் வரலாற்றாய்வு அதைப் போதிய அளவு தொடவில்லை என்பது என் மதிப்பீடு.

இளைய ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அந்தத் தமிழ் நூலின் ஒவ்வொரு திருநாள் பகுதியையும் எடுத்து, அதன் மூலம் எந்த லத்தீன் நூல், எந்தப் போர்ச்சுக்கீசிய அல்லது ஸ்பானிய நூல், அது பீடிலிருந்து வந்ததா, ஆடோவிலிருந்து வந்ததா, தமிழில் எது சேர்ந்தது, எது விடுபட்டது என்று பார்க்க வேண்டும். தனியொருவரால் ஆகாது. தமிழ் அறிந்தவரும் லத்தீன் அறிந்தவரும் போர்ச்சுக்கீசியம் அறிந்தவரும் ஒரு குழுவாக அமருங்கள். ஒரு நேரத்தில் ஒரு புனிதரை மட்டும் எடுத்துக்கொண்டு, கண்டதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, அந்தந்தத் திருநாளன்று மற்ற ஆய்வாளர்களுக்கு அனுப்புங்கள். மூலம் கிடைக்காத நாளில், கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். வருகிற திருத்தங்களை அனுப்பியவர் பெயரோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த 1967 பதிப்பின் ஒரு படியை இந்தத் துறை நூலகம் பெற்று மாணவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும் என்று தலைவர் அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.